திருஷ்டிப் பொட்டை விட்டுட்டு வரைங்க

எங்க வீட்டு சாருக்கு நெஞ்சும் வயிறும் கண்ணாடியா ஆனது ஆனி மாசத்துல ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு, வேட்டியை மட்டும் கட்டிக்கிட்டு, மணைப்பலகையில வந்து உக்காந்தாங்க, நான் இட்லி வச்சேன், அவங்க பிட்டு வாயில போட்டாங்க, அந்தத் துண்டு தொண்டையில இறங்கி, நெஞ்சுக்குப் பின்னால வழுக்கிக்கிட்டே போயி, கீழ தொங்குன ஒரு பையில தொப்புன்னு விழுந்ததை நான் கரண்டியும் கையுமா நின்னு பார்த்தேன். சட்னி கொஞ்சம் லேட்டா வந்து சேர்ந்துச்சு. "ஏங்க, உங்களுக்கு உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியுதுங்க"ன்னேன். குனிஞ்சு ஒரு பார்வை பார்த்தாங்க. "தெரிஞ்சா தெரியட்டும், இன்னொரு இட்லி வை"ன்னாங்க. நானும் வச்சேன்.

என் பேரு விருத்தாம்பா. எங்க வீட்டு சாருன்னா கலியபெருமாள் சாரு, குடமுருட்டி ஆத்துக்குத் தெற்கால இருக்கிற எங்க ஊர் மேல்நிலைப் பள்ளியில விலங்கியல் வாத்தியார். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்ல. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் அவங்களை சாருன்னுதான் சொல்றேன், ஊரே சொல்லும்போது நான் மட்டும் வேற என்னத்தைச் சொல்றது.

ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அதுக்கு முந்தின நாள் பிளஸ் டூ பிள்ளைங்களுக்குப் பிராக்டிகல். பள்ளிக்கூடத்துக்குத் தவளை பிடிச்சுக் குடுக்கிற அய்யாக்கண்ணு வாய்க்கால் வாய்க்காலா இறங்கி ஈரச் சாக்குல தவளை பிடிச்சாந்து போட்டிருக்கான். மயக்கமருந்து பாட்டில் மூடி சரியில்லாம மருந்து பாதி காத்தாப் போயிருக்கு, அது தெரியாம பிள்ளைங்க தவளைங்களை மெழுகுத் தட்டுல மல்லாக்கப் போட்டு, கைகாலுக்குக் குண்டூசி குத்தி, வயித்தைத் திறந்திருக்குதுங்க. மளிகைக்கடை ஜமால் பாய் மக மெகருன்னிசா மட்டும் கத்தரியைக் கீழ வச்சிட்டு, "சார், இது முழிச்சிருச்சு சார், நம்மளையே பார்க்குது சார்"ன்னு சொல்லியிருக்கு. சாரு கிட்டப் போயிருக்காங்க. திறந்த வயித்தோட கிடந்த அந்தத் தவளை சாரை ஏறிட்டுப் பார்த்துச்சாம். வருஷா வருஷம் மேலிடத்துக்கு எழுதிப் போட்டவங்கதான் அவங்க, தவளை வேணாம், பிளாஸ்டிக் பொம்மையும் பெரிய படமும் அனுப்புங்க, அதை வச்சே சொல்லிக் குடுத்துடலாம்னு. தவளை வாய்க்கால்ல சும்மா கிடைக்குது, பொம்மைக்கு நிதி இல்லன்னு பதில் வரும். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டு, செவுத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு, "திறக்காமப் பார்க்க ஒரு வழி இருக்கக்கூடாதா விருத்தா"ன்னாங்க. நான் தூக்கக் கலக்கத்துல "இருக்கும், இருக்கும், படுங்க"ன்னேன்.

ஊரு ரெண்டு நாள் வாயைப் பொளந்துச்சு, அப்புறம் அவங்கவங்க சோலியைப் பார்க்கப் போச்சு. எதிர்வீட்டுப் பட்டம்மா ஒரு கிண்ணம் வத்தக்குழம்பைக் கொண்டாந்து குடுத்துட்டு, சாரு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போகாம நின்னு, "என் கொழம்பு இப்ப எங்க நிக்குதுங்க சார்"னு கேட்டா. காசை முழுங்கின பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்ற அம்மாக்காரிங்க எங்க சாரு வயித்தைக் காட்டி, இந்தா பாரு, இந்த வளைவுலதான் இருக்கும், நாளைக்கு வந்துரும்னு பிள்ளைக்குத் தைரியம் சொல்லிட்டுப் போனாளுங்க. செல்லையன் டைலர் தலகாணி உறை மாதிரி முன்பக்கம் கொக்கி வச்ச சட்டையா தைச்சுக் குடுத்தாரு, வேணுங்கும்போது திறந்துக்கலாம், வேணாங்கும்போது மூடிக்கலாம். பேப்பர்க்காரன் ஒருத்தன் கும்பகோணத்துலேர்ந்து வந்து போட்டோ புடிச்சான், கழுவிப் பார்த்தா மேல்சட்டை இல்லாத ஒரு சாதாரண வயசாளிதான் அதுல நின்னாங்க, அதனால எங்க ஊரைத் தாண்டி யாருக்கும் இது தெரியவும் இல்ல, சொன்னா யாரும் நம்பவும் இல்ல.

எனக்கு அதுல ஒரு லாபம் இருந்துச்சு, சொல்லிடறேன். டீக்கடை போண்டாவைத் தின்னுட்டு வந்து பசிக்கலன்னு பொய் சொல்ல முடியாது, உள்ள கிடக்குமே. அவக் அவக்குன்னு முழுங்கற மனுஷன், நாலு கவளத்துக்கு ஒரு தடவை சோறு தொண்டைக்குக் கீழ வந்து நிக்கும், நான் பார்த்துக்கிட்டே இருந்து தண்ணிச் சொம்பை நகர்த்துவேன், குடிச்சதும் இறங்கிடும். இன்னொண்ணும் இருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை, அது புடவையோ பொரியலோ, அந்த வாயிலேர்ந்து வந்தது கிடையாது. ஆனா நான் காபி டம்ளரோட உள்ள நுழையறேன், அங்க அந்த நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுது. முதல்ல நம்பல. டம்ளரை வச்சிட்டு வெளிய போயி, மறுபடி வந்து பார்த்தேன், மறுபடி துள்ளுச்சு. "என்னடி போறே வர்றே"ன்னு எரிஞ்சு விழுந்தாங்க. விழுந்துட்டுப் போகட்டும், எனக்குத் தெரிஞ்சு போச்சே! அடுப்படியில போயி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

பள்ளிக்கூடத்துல அந்தத் திங்கக்கிழமையிலேர்ந்தே தவளை நின்னு போச்சு. சாரு மேசைக்குப் பின்னால நிப்பாங்க, கொக்கியை அவுத்துச் சட்டையைத் திறப்பாங்க, கையில இருக்கிற குச்சியால தன்னையே தொட்டுத் தொட்டுக் காமிப்பாங்க, இது நுரையீரல், இது கல்லீரல், இப்ப நான் மூச்சை இழுக்கறேன் பாருங்க, இப்ப ஒரு வாய் தண்ணி குடிக்கறேன் பாருங்கன்னு, பிள்ளைங்களும் பார்த்துப் பார்த்து ரெக்கார்டு நோட்டுல வரையும். தலைமையாசிரியர் ரெங்கசாமிக்குத்தான் தூக்கம் போச்சு. "பாடத்திட்டத்துல தவளைக்கு இதயத்துல மூணு அறை, உங்களுக்கு நாலு இருக்கே சார், பரீட்சைக்கு என்ன பண்றது"ன்னு கேட்டாரு. தவளைக்கு மேல ரெண்டு கீழ ஒண்ணு, மனுஷனுக்கு மேல ரெண்டு கீழயும் ரெண்டாம். கடைசியில கீழ இருக்கறதுல ஒண்ணை விட்டுட்டு வரைஞ்சுக்கிட்டாப் போதும்னு ஆசிரியருங்க எல்லாம் கூடிப் பேசி முடிவு பண்ணுனாங்க. மேலிடத்து அதிகாரி ஒருத்தரும் வந்தாரு, சாருக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்து அது போற வழியைப் பார்த்தாரு, பார்த்துட்டு, "இதை வேணும்னு சொல்லவும் விதி இல்ல, வேணாம்னு சொல்லவும் விதி இல்ல, சார் இருக்கிற வரைக்கும் ஓட்டுங்க, சார் இல்லன்னா தவளைதான்"னுட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

அந்த வருஷம் மழைக்கு வாய்க்கால் பூராவும் ஒரே தவளைச் சத்தம். தெருவுல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல, பட்டம்மா காதுல பஞ்சை வச்சுக்கிட்டு எங்க சாரைத் திட்டுனா. அய்யாக்கண்ணு தவளையை விட்டுட்டு நண்டு பிடிக்கப் போனான். சாரு மட்டும் கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டு, காதைத் தீட்டிக் கேட்டுக்கிட்டுக் கிடப்பாங்க.

இத்தனை கண்ணு படுதே, நான் சும்மா இருப்பேனா! பிராக்டிகலுக்குக் கிளம்பறப்பல்லாம் மிளகாய், உப்பு சுத்திப் போட்டுட்டு, கண்மையைத் தொட்டு இடது நெஞ்சுல, ஊரே வெறிச்சுப் பார்க்கிற அந்த இதயத்துக்கு நேரா, ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சு அனுப்புவேன். விளக்கெண்ணெய் புகையில நானே கூட்டுன மை அது. முதல் வாரம் என்ன ஆச்சு தெரியுமா? பிள்ளைங்க அத்தனையும் அந்தப் பொட்டையும் சேர்த்து வரைஞ்சு வச்சிருச்சுங்க. அம்பு போட்டு என்ன பேரு எழுதறதுன்னு தெரியாம ஒருத்தன் கேள்விக்குறி போட்டிருக்கான், ஒருத்தன் மண்ணீரல்னு எழுதிட்டான். சாரு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க, சிரிக்கும்போது உள்ள குடல் எல்லாம் குலுங்குச்சு. அப்புறம் ஒவ்வொரு வகுப்புலயும் ஆரம்பிக்கும்போதே சொல்லிடுவாங்களாம், "அது எங்க வீட்டம்மா வச்ச திருஷ்டிப் பொட்டு, அதை விட்டுட்டு வரைங்க"ன்னு. பிள்ளைங்களுக்கும் பழகிப் போச்சு. ஆடியில விட்டுட்டு வரைஞ்சுதுங்க, ஆவணியில விட்டுட்டு வரைஞ்சுதுங்க, புரட்டாசியிலயும் விட்டுட்டு வரைஞ்சுதுங்க. மெகருன்னிசா ஒரு நாள் எழுந்து நின்னு, "சார், பொட்டு இன்னைக்குப் பெரிசா இருக்கு சார்"னு சொல்லியிருக்கு. "அம்மா கையில மை கூடிப் போயிருக்கும்"னு சாரு சொன்னாங்களாம், வகுப்பே சிரிச்சுதாம்.

என் கையில மை கூடவே இல்ல. கொஞ்ச நாளாவே நான் புதுசா வைக்கிறதே இல்ல, பழைய பொட்டே அழியாம நிக்குது, நம்ம மைன்னா மைதான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. ஐப்பசியில ஒரு சனிக்கிழமை, தோள்பட்டை வலிக்குது, நீயே எண்ணெய் தேய்ச்சு விடுன்னாங்க. தேய்ச்சேன். சீயக்காயைப் போட்டு முதுகைத் தேய்ச்சேன், நெஞ்சைத் தேய்ச்சேன், பொட்டு போகல. அழுத்தித் தேய்ச்சேன், போகல. நகத்தால சுரண்டினேன். "ஏண்டி புண்ணாக்கறே"ன்னாங்க. அப்பதான் கிட்டக் குனிஞ்சு பார்த்தேன். பொட்டு தோல் மேல இல்ல, தோலுக்கு அந்தப் பக்கம், அந்த இதயத்து மேல ஒட்டிக்கிட்டு, அது துடிக்கும்போது கூடவே ஏறி ஏறி இறங்குச்சு. ஐயோ சாமி! ஊரு பூரா கண்ணு கொட்டாமப் பார்த்த இடம், அம்புட்டு பேரும் பார்த்துப் பார்த்து, விட்டுட்டு வரைஞ்ச இடம்.

தஞ்சாவூர்ல பெரிய டாக்டரு, எங்க சார்கிட்டப் படிச்ச பிள்ளைதான், பேரு மணிவாசகம். படம் எடுக்கக்கூட வேண்டியிருக்கல, சட்டையைத் திறந்ததுமே அவருக்கு முகம் மாறிருச்சு. ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு, அந்த இடம் செத்துக்கிட்டு வருது, உடனே திறந்து வேற குழாய் வச்சுத் தைக்கணும், தைச்சுட்டா பிழைச்சுக்குவாங்க அம்மான்னாரு. நானும் தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, திறங்க தம்பின்னேன். உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துலயே மணிவாசகம் வெளிய வந்து என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்துட்டாரு. கத்தி இறங்கலையாம். வழுக்கிக்கிட்டுப் போகுதாம். வேற கத்தி, வேற மெஷினு, ஊசி கூட மொனை மழுங்கித் திரும்பி வருதாம், ஒரு கீறல் விழலையாம். "பார்க்கறேம்மா, எங்க அடைப்புன்னு கண்ணு முன்னால தெரியுது, இவ்வளவு தெளிவா நான் யாருக்குமே பார்த்தது இல்ல, கை வைக்க முடியலம்மா. சார்கிட்டதாம்மா நான் கத்தி பிடிக்கவே கத்துக்கிட்டேன்"னு அந்தப் பெரிய டாக்டரு தேம்பித் தேம்பி அழுதாரு. சாரு கண்ணு முழிச்சதும் அவரு கையைப் பிடிச்சு, "நல்லாத்தான்டா பிடிக்கறே, உன் மேல தப்பு இல்ல"ன்னாங்க. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அந்த மாத்திரை உள்ள போயிக் கரையறதையும், கரைஞ்சு ஒண்ணும் ஆகாததையும் நான் தினம் பார்த்தேன்.

அதுக்கு அப்புறம் ஒரு வீட்டுல என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. காலையில எழுந்து பார்ப்பேன், பொட்டு நேத்தைக்கு விட அகலமா இருக்கும். சோறு போட்டுட்டுப் பார்ப்பேன், துணி காயப்போட்டுட்டு வந்து பார்ப்பேன். மத்த பொம்பளைங்களுக்கு இந்தக் கொடுமை இல்ல, புருஷனுக்கு என்னன்னு டாக்டரு சொன்னாதான் உண்டு, எனக்குத் திரும்புன பக்கமெல்லாம் தெரிஞ்சுது. மை டப்பாவைத் தூக்கிக் குளத்துல எறிஞ்சேன். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாதீங்க, நிக்காதீங்க, படுத்துக்கிடங்கன்னு காலைப் பிடிச்சேன். "நான் படுத்தா அய்யாக்கண்ணு சாக்கை எடுத்துருவான் விருத்தா"ன்னாங்க. "அப்ப தவளைக்கே தாலி கட்டியிருக்க வேண்டியதுதானே, என்னை எதுக்குக் கட்டுனீங்க"ன்னு கத்துனேன். அவங்க நெஞ்சு மட்டும் துள்ளுச்சு, முன்ன மாதிரி இல்ல, பாதித் துள்ளல்.

தை பொறந்தப்ப கீழ இருந்த ரெண்டு அறையில ஒண்ணு முழுக்கக் கறுத்து, துடிக்காம நின்னுருச்சு. தலைமையாசிரியர் பொங்கலுக்குப் பார்க்க வந்தவரு, பார்த்தாரு, எண்ணிப் பார்த்தாரு, "மேல ரெண்டு, கீழ ஒண்ணு, இப்பப் பாடத்திட்டத்துக்குச் சரியா இருக்கு சார், பரீட்சை வைக்க எக்ஸ்டர்னல் வந்தா ஒரு கேள்வி கேட்க முடியாது"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல அவரு, வாயில வந்துருச்சு. நான் அவருக்குன்னு கொண்டாந்த பொங்கலைத் திருப்பி எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். சாரு சிரிச்சாங்க. "இப்பதான் நான் முழுத்தவளை"ன்னாங்க.

பரீட்சைக்கு மூணு நாள் இருக்கும்போது மாடல் பிராக்டிகல். வேணாம் வேணாம்னு நான் வாசல்ல கையை விரிச்சு நின்னேன், என் கைக்குக் கீழ குனிஞ்சு நுழைஞ்சு போனாங்க. அங்க நடந்ததை எனக்கு மெகருன்னிசாதான் சொல்லுச்சு. நாற்காலியில உக்காந்து சட்டையைத் திறந்துட்டு, அந்தப் பொண்ணை எழுப்பி, "எது முதல்ல சுருங்குது, பார்த்துச் சொல்லு"ன்னாங்களாம். "மேல ரெண்டும் சார். அப்புறம் கீழ ஒண்ணு சார்." "சரி, அப்புறம்?" "மறுபடி மேல ரெண்டு சார். அப்புறம்..." பொண்ணு நிறுத்திருச்சாம். "அப்புறம் சொல்லும்மா." "அப்புறம் ஒண்ணும் சுருங்கல சார்." சாரு குனிஞ்சு தன்னைத் தானே பார்த்துக்கிட்டாங்களாம், பதில் சரின்னு தலையை ஆட்டினாங்களாம், அப்படியே சாய்ஞ்சுட்டாங்களாம். வகுப்புல இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், சாருக்கு உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பேர் தெரியும், எது எதுகூடச் சேருதுன்னு தெரியும், எங்க நின்னு போச்சுன்னு கூடத் தெரியும், ஒண்ணும் பண்ணத்தான் தெரியல.

கூடத்துல கிடத்துனப்பவும் அந்தத் தோல் பழையபடி ஆகல. மேல துணியைப் போர்த்தலாம்னு யாரோ சொன்னாங்க, வேணாம், எல்லாரும் பார்த்ததுதானே, பார்க்கட்டும்னுட்டேன். பட்டம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. மணிவாசகம் வந்து கால்மாட்டுல நின்னாரு. பிளஸ் டூ பிள்ளைங்க சுவரோரமா வரிசையா நின்னுதுங்க. தலைமையாசிரியர் என்கிட்ட வந்து, "பிளாஸ்டிக் பொம்மை அடுத்த வருஷம் நிச்சயமா வந்துரும்மா, மேலிடத்துல சொல்லியிருக்காங்க"ன்னாரு. நான் அவரு மூஞ்சியைப் பார்த்தேன். அவரு வேற பக்கம் பார்த்தாரு, அந்தப் பக்கம் வாசப்படியில அய்யாக்கண்ணு நிக்கிறான். தோள்ல ஈரச் சாக்கு. சாக்கு நெளியுது.

"என்னய்யா அது"ன்னேன்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து சொல்லி அனுப்புனாங்கம்மா, நாளன்னிக்குப் பரீட்சையாம்ல. போற வழிதானே, சாரு மொகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிரலாம்னு..." சாக்கை இறக்கி வாசல்ல வச்சிட்டு, துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதான்.

அருவாமணையை எடுத்துட்டுப் போயி அந்தச் சாக்கைக் கிழிக்கணும்னு எனக்கு வந்துச்சு. எழுந்து கிழிச்சாத்தான் என்ன, சாயங்காலம் வேற சாக்கு நிறையும், வாய்க்கால் பூரா அவங்களாலதானே பெருகிக் கிடக்குது. சாரு இருக்கிற வரைக்கும்தான்னு சொல்லிட்டுத்தானே ஜீப்புல ஏறுனாரு அந்த மேலிடத்து அதிகாரி.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டாங்க. முதல்ல என்னைத்தான். ஒரு பிடி அரிசியை அள்ளி அந்த வாயில போட்டேன். கல்யாணமான நாள்லேர்ந்து எங்கையால போட்ட சோறு, இந்த எட்டு மாசமா ஒவ்வொரு கவளமும் எந்த வழியாப் போயி எங்க விழும்னு பார்த்துப் பார்த்துப் பழகுன கண்ணு, இப்பவும் அதுவா அரிசி பின்னாலயே போச்சு. அரிசி வாயைத் தாண்டி, தொண்டைக்குழி வரைக்கும் வெள்ளையா இறங்கி, அங்க நின்னுச்சு. பட்டம்மா போட்டா, அதுவும் அங்கயே வந்து நின்னுச்சு. என் அண்ணன் மகன் போட்டான். சாதி சனம் ஒவ்வொருத்தராப் போடப் போட, தொண்டையில அடுக்கடுக்கா ஏறி அடைச்சுக்கிட்டு நிக்குது, கீழ அந்தப் பை காலியாத் தொங்குது, யாருமே கவனிக்காம அடுத்த ஆளைக் கூப்பிடறாங்க.

"கொஞ்சம் நிறுத்துங்களேன், யாராவது ஒரு வாய் தண்ணி குடுங்களேன், சாருக்குத் தொண்டையில நிக்குதே"ன்னு நான் கத்துனேன்.

ஒருத்தரும் அசையல. மெகருன்னிசாதான் கூட்டத்தை விலக்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடி, சொம்பு நிறைய மோந்துக்கிட்டு வந்து என் கையில குடுத்துச்சு. நான் சொம்பை அவங்க தலைமாட்டுல, அவங்க வலது கைக்கு எட்டுற இடத்துல, எப்பவும் போல நகர்த்தி வச்சேன். வச்சிட்டு உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். வாசல்ல சாக்குக்குள்ளேர்ந்து ஒண்ணு கத்த ஆரம்பிச்சுது.